காயத்தைப் படித்த தாதிக்கு எங்கே கதிரை?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கூறமுடியும். மருத்துவச் செய்திகளிலும் முன்வரிசை, பின்வரிசை என்று உண்டு. இருதய சத்திரசிகிச்சையும் சிறுநீரக மாற்றும் முதற்பக்கத்துக்கு உரியவை. புதிய தொற்றுநோய் ஒன்று வந்தால் அதற்கும் இடம் கிடைக்கும். ஆனால், மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் ஒரு காற்புண்ணோ, படுக்கையில் கிடந்தவரின் முதுகில் உண்டான புண்ணோ தலைப்புச் செய்தியானதை நான் கண்டதில்லை. அந்தப் புண்ணை நாள்தோறும் கழுவி மருந்து கட்டும் தாதியைப் பற்றி எவரும் எழுதுவதுமில்லை.

இவ்விடயத்தை இப்போது எழுத நேர்ந்தமைக்குக் காரணம் என் மருமகள் ஒருத்தி. ஒன்றுவிட்ட சகோதரியின் மகள். வடக்கிலுள்ள ஆதார வைத்தியசாலை ஒன்றின் சத்திரசிகிச்சை விடுதியில் பதினொரு ஆண்டுகளாகத் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறாள். காயப் பராமரிப்பில் சான்றிதழ் தரும் இணையவழிக் கற்கைநெறி ஒன்றைப் பற்றி யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்பிலுள்ள முகவர் ஒருவர், இது கையில் இருந்தால் வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று உறுதியும் அளித்திருக்கிறார். கட்டணமோ டொலரில். "மாமா, மூண்டு நாலு மாதச் சம்பளத்தைச் சேர்த்துக் கட்டவேணும். கட்டிப் படிச்சால் எனக்கு என்ன கிடைக்கும் எண்டு விசாரிச்சுச் சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே நாலு பேரைத் தெரியும்" என்றாள்.

விசாரிப்பது என் தொழில். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அமெரிக்காவிலும் தாதியராக இருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களின் பிள்ளைகளிடமும் கேட்டறிந்தேன். சான்றிதழ் வழங்கும் அமைப்புகளின் விதிமுறைகளையும் படித்தேன். அவளுக்குச் சொன்னவற்றை ஏனையோருக்கும் சொல்வது பயன்தரும் என்று கருதுகிறேன். ஏனெனில், இதே கேள்வியுடன் இருக்கும் தாதியர் இலங்கையிலும் தமிழகத்திலும் பலர் இருக்கக்கூடும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். தமிழில் நாம் 'சான்றிதழ்' என்ற ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒரு கற்கைநெறியைப் பின்பற்றி முடித்தமைக்குத் தரப்படும் காகிதம் ஒன்று. அதனை ஆங்கிலத்தில் சேர்ட்டிபிக்கேற் என்பார்கள். பணம் கட்டி, பாடம் கேட்டால் அது கிடைத்துவிடும். மற்றையது சேர்ட்டிபிக்கேஷன். சுயாதீனமான சபையொன்று தகுதியைப் பரிசோதித்து, பரீட்சை வைத்து, குறித்த காலத்துக்கு மட்டும் வழங்கும் அங்கீகாரம் அது. முதலாவது சுவரில் தொங்கும். இரண்டாவதைப் பெற்றவர் தமது பெயருக்குப் பின்னால் எழுத்துகளாகப் போட்டுக்கொள்ளலாம். முகவர்கள் விற்பது பெரும்பாலும் முதலாவதை. பேசுவது இரண்டாவதைப் பற்றி.

இந்தச் சிறப்புத்துறை எங்கே பிறந்தது என்பதை அறிந்தால் அதன் இன்றைய நிலை விளங்கும். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் நோர்மா கில் என்ற பெண், பெருங்குடல் நோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு, வயிற்றில் இடப்பட்ட துவாரத்தோடு வாழப் பழகியவர். அவர் தாதியல்லர், நோயாளி. அவருக்குச் சத்திரசிகிச்சை செய்த ரூபேட் ரேர்ன்புல் என்ற வைத்தியர், அதே நிலையிலுள்ள ஏனைய நோயாளருக்கு உதவுமாறு 1958இல் அவரைக் கிளீவ்லண்ட் கிளினிக்கில் பணியில் அமர்த்தினார். 1961இல் அங்கு அதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கிற்று. இன்று அமெரிக்காவில் காயம், வயிற்றுத் துவாரம், சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்க்கும் சிறப்புத் தாதியர் பிரிவு அந்தப் பள்ளியின் வழிவந்ததே.

ஏறத்தாழ அதே வேளையில் காயம் பற்றிய அறிவும் தலைகீழாக மாறியது. புண்ணைக் காற்றுப்படவிட்டுக் காயவிட வேண்டும் என்பதே அதுவரை பொதுவான நம்பிக்கை. இலண்டனில் ஜோர்ஜ் வின்ரர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவிட்டு, சிலவற்றை மெல்லிய பொலித்தீன் படலத்தால் மூடினார். மூடி ஈரமாக வைக்கப்பட்ட காயங்களில் மேற்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. 1962இல் அது வெளியானது. இன்று வெளிநாடுகளில் பயன்படும் காயக்கட்டுகள் பலவற்றின் பின்னால், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற் உட்பட, இந்த ஈரப்பதக் கொள்கையே உள்ளது. நமது ஊர்களிலோ, உலர்ந்த துணியைப் புண்ணில் ஒட்டிக் கட்டி, மறுநாட் காலை இழுத்து எடுக்கும்போது முளைவிட்ட புதிய சதையும் சேர்ந்து பிய்ந்துவருவதை இன்னும் காணலாம்.

ஆனால், அறிவு வளர்ந்தது மட்டுமே அமெரிக்காவில் காயத் தாதியருக்கு வேலை தேடித்தரவில்லை. பணம் தேடித்தந்தது. முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதித் திட்டமான மெடிக்கெயார், 2008 ஒக்ரோபர் 1 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. நோயாளி வைத்தியசாலையில் இருக்கும்போது உண்டாகும் மூன்றாம், நான்காம் கட்டப் படுக்கைப் புண்ணுக்கென மேலதிகமாக ஒரு சதமும் தரப்படமாட்டாது என்பதே அது. படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றம் என்ற கருத்தை புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இலேயே எழுதிவைத்தார். அதனைக் கணக்காளர்கள் ஏற்றுக்கொள்வதற்கு ஒன்றரை நூற்றாண்டு சென்றது. நோயாளி அனுமதிக்கப்படும் அன்றே தோல் முழுவதையும் பரிசோதித்து எழுதிவைக்க ஒருவர் வேண்டும். ஆபத்தைப் புள்ளியிட்டு மதிப்பிட ஒருவர் வேண்டும். புண் முன்பே இருந்ததா, பின்னர் வந்ததா என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவரே காயத் தாதி. காயத்துக்கு விலைச்சீட்டு ஒட்டப்பட்டபோது அதனைப் பார்ப்பவருக்கு மதிப்பும் வந்துசேர்ந்தது.

இன்று அங்கு அத்தகைய தாதியருக்கு வைத்தியசாலை, வெளிநோயாளர் காய நிலையம், முதியோர் இல்லம், வீடுதேடிச் செல்லும் பராமரிப்புச் சேவை, காயக்கட்டு உற்பத்தி நிறுவனங்களின் பயிற்றுநர் பணி என்று பல வாசல்கள் திறந்துள்ளன. பெரும்பாலும் இரவுக் கடமையற்ற வேலை என்பதும், விடுதியின் ஒட்டுமொத்தச் சுமையைத் தோளில் ஏற்றாமல் ஒரு துறையில் சுயமாக முடிவெடுக்கும் வேலை என்பதும் முதுகுவலியோடு நாற்பதைக் கடக்கும் தாதிக்குச் சிறிய விடயங்களல்ல. ஆயினும் சான்றிதழ் பெற்ற மறுமாதமே சம்பளம் உயரும் என்று எவரும் எதிர்பார்க்கக்கூடாது. சில நிறுவனங்கள் சிறு கொடுப்பனவு தரும். சில பரீட்சைக் கட்டணத்தை மட்டும் தரும். சில பாராட்டுக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளும். நான் பேசிய தாதியர் எல்லோரும் சொன்னது ஒன்றே. பயன் கிடைப்பது பதவி மாறும்போதுதான்.

தகுதிகளிலும் படிநிலை உண்டு. அமெரிக்காவில் மிகுந்த மதிப்புடைய சபையின் பரீட்சைக்குத் தோற்றுவதற்குப் பதிவுபெற்ற தாதி என்ற உரிமத்தோடு இளமாணிப் பட்டமும் வேண்டும். அதற்கு மேல், அங்கீகரிக்கப்பட்ட கற்கைநெறியை முடித்திருக்க வேண்டும். அல்லது ஐந்தாண்டுக்குள் 1,500 மணிநேரம் அத்துறையில் நேரடியாகப் பணிசெய்து, 50 மணிநேரத் தொடர்கல்வியும் பெற்றிருக்க வேண்டும். பெற்ற தகுதியை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பட்டமில்லாத தாதியரும் இயன்மருத்துவர்களும் பெறக்கூடிய வேறு சபைகளின் சான்றுகளும் உள்ளன. அவை பயனற்றவை அல்ல. ஆனால், வேலை விளம்பரத்தில் எந்த எழுத்துகளைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டே படிக்க இறங்கவேண்டும்.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கு இப்பணியைச் செய்பவரை 'ரிஷ்யூ வயபிலிற்றித் தாதி' என்பார்கள். தனியொரு சபையின் முத்திரையைவிடப் பல்கலைக்கழகப் பாட அலகுகளும் சமூகத் தாதியாகக் காற்புண்களைப் பார்த்த அனுபவமும் அங்கு எடைபோடப்படுகின்றன. தேசிய சுகாதார சேவையின் சம்பளப் படியில் சாதாரண தாதி ஐந்தாம் தரத்தில் தொடங்க, இச்சிறப்புத் தாதியர் பொதுவாக ஆறாம் ஏழாம் தரங்களில் இருக்கிறார்கள். கனடாவிலும் காயம், வயிற்றுத் துவாரம், கட்டுப்பாடு ஆகியவற்றுக்குத் தாதியர் சங்கத்தின் சிறப்புச் சான்று உண்டு. இம்மூன்று நாடுகளுக்கும் பொதுவான உண்மையொன்றைக் கொழும்பு முகவர் மருமகளுக்குச் சொல்லவில்லை. அந்தந்த நாட்டில் தாதியாகப் பதிவுபெறாத ஒருவருக்குக் காயச் சான்றிதழால் எந்தக் கதவும் திறவாது. மொழிப் பரீட்சையும் தாதியர் பதிவுப் பரீட்சையும் முன்வாசல். காயச் சான்றிதழ் உள்ளே சென்றபின் மாடிக்கு ஏறும் படி. முன்வாசலைக் கடக்காமல் மாடிப்படிக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

இவ்வளவும் வெளிநாட்டுக் கணக்கு. இக்கல்வி நமது மண்ணில் எவருக்குத் தேவைப்படுகிறது என்பதற்கு எனக்கு நன்கு தெரிந்த ஒருவரையே சொல்லவேண்டும். தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின்போது, கோடுபோட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அச்சடித்த காலத்தில், எங்கள் அச்சகத்தில் ஓர் அண்ணர் அச்சுக்கோப்பாளராக இருந்தார். நாள் முழுவதும் நின்றபடி எழுத்துக் கோப்பவர். எங்கள் வசனங்களிலுள்ள பிழைகளை ஈயத்திலேயே திருத்திவிடுவார். கணினி வந்தபின் ஓய்வுபெற்றார். சலரோகம் வந்தது. செருப்பு வார் உரசிப் பெருவிரலின் கீழே சிறு புண் உண்டாயிற்று. நாள்தோறும் காலையில் சைக்கிளை மிதித்துச் சென்று தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் மருந்து கட்டிக்கொண்டு, அதே செருப்பைப் போட்டுக்கொண்டு, அதே சைக்கிளில் திரும்புவார். நான் ஒருநாள் விசாரித்தபோது, "நோ இல்லைத் தம்பி. நோ இருந்தால்தானே பயம்" என்றார். நான்காவது மாதம் முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டது.

நோ இல்லாமையே அவருடைய நோய் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. இதனைக் கண்டுபிடித்துச் சொன்ன இடம் நமக்கு அந்நியமானதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய போல் பிரான்ட், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் சிதைவது சதை தானாக அழுகுவதால் அன்று, உணர்வற்ற உறுப்பு அறியாமலே மீண்டும் மீண்டும் காயப்படுவதால் என்று நிறுவினார். புண்ணான பாதத்தின் மீது விழும் பாரத்தை நீக்கினால் புண் ஆறும். இந்தியத் தொழுநோயாளருக்குச் செய்யப்பட்ட பிளாஸ்ரர் கட்டு முறையை அவர் அறுபதுகளில் அமெரிக்காவின் கார்வில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். நீரிழிவுக் காற்புண்ணுக்கு அதே முறை இன்று உலகெங்கும் சிறந்த சிகிச்சைகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது.

காயப் பராமரிப்பு படித்த தாதி ஒருத்தி அந்தச் சிகிச்சை நிலையத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? புண்ணின் நீள அகல ஆழங்களை அளந்து எழுதியிருப்பாள். பத்துக் கிராம் அழுத்தமுள்ள நைலோன் நாரினால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்த்திருப்பாள். காலுக்கு இரத்தம் போகிறதா என்று நாடி தேடியிருப்பாள். எல்லாவற்றுக்கும் முன்னர், "ஐயா, போட்டு வந்த செருப்பை ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேட்டிருப்பாள். இரண்டு வாரத்தில் புண் சிறுக்கவில்லையென்றால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பியிருப்பாள். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

இலங்கையில் இத்தகைய புண்களுக்குப் பஞ்சமில்லை. 2005-2006இல் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2018-2019 ஆய்வில் அது ஐந்தில் ஒருவருக்கும் அதிகமாகியிருந்தது. வன்னியில் போர் முள்ளந்தண்டை உடைத்துச்சென்ற இளைஞர்களும் யுவதிகளும் இன்று நடுத்தர வயதை அடைந்துவிட்டார்கள். 2009 முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் அவர்களுடைய உயிருக்கு அச்சுறுத்தலாக இருப்பவற்றுள் படுக்கைப் புண்ணும் ஒன்று. வெளிநாடுகளில் பிள்ளைகள் வாழ, பெரிய வீட்டின் ஓர் அறையில் படுக்கையில் கிடக்கும் தாய்தந்தையர் மற்றொரு பிரிவினர். இதனை வாசிப்போரில் சிலர் அப்பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

புண் உண்டு, அதனைப் படித்த தாதிக்குரிய பதவி எங்கே என்பதே பிரச்சினை. நமது அரச சேவையில் தாதியின் உயர்வு பெரும்பாலும் சேவைக்கால மூப்பிலும் தடைதாண்டல் பரீட்சையிலும் தங்கியிருக்கிறது. சொந்தப் பணத்தில் சிறப்புக் கல்வி பெற்றவளும் பெறாதவளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பத்தாண்டுகள் புண் பார்த்துக் கைதேர்ந்தவள், வருடாந்த இடமாற்றத்தில் மகப்பேற்று விடுதிக்கு அனுப்பப்படலாம். அங்கே அவளுடைய அறிவு உறங்கும்.

அமெரிக்காவில் விலைச்சீட்டு செய்த வேலையை இங்கே எதுவும் செய்யவில்லை. இலவச மருத்துவம் நமது நாட்டின் பெரும்பேறு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், பட்டியலிடப்படாத செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறாத புண்ணோடு கிடக்கும் நோயாளி எத்தனை நாட்கள் கட்டிலை மறிக்கிறார், எத்தனை போத்தல் மருந்து செல்கிறது என்று எவரும் கணக்குக் கேட்பதில்லை. எஞ்சிய செலவை நோயாளியின் குடும்பம் சுமக்கிறது. வெளியே மருந்துக்கடையில் வாங்கும் இறக்குமதிக் காயக்கட்டு, 2022இல் ரூபா வீழ்ந்தபின் கூலித்தொழிலாளியின் வீட்டுக்கு எட்டாப்பொருளாகியது. முச்சக்கரவண்டிக் கூலி, மகளின் இழந்த நாட்சம்பளம், ஈற்றில் ஒரு கால். இவை எந்த அறிக்கையிலும் செலவாகக் காட்டப்படுவதில்லை.

ஆகவேதான் இங்கே காயச் சான்றிதழ் என்பது கடவுச்சீட்டுக்குள் வைக்கும் காகிதமாகிவிடுகிறது. நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022இல், அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்கமே வழிசெய்தது. போனவர்களைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை. பிள்ளைக்குப் பால்மா வாங்க வழியற்றவளுக்குத் தேசபக்தி பற்றி விரிவுரை நிகழ்த்துவது அழகன்று.

மருமகளுக்கு நான் சொன்னது மூன்று கேள்விகள். இந்தச் சான்று பரீட்சை வைத்து வழங்கும் சபையின் தகுதியா, வெறும் கற்கைநெறிக் காகிதமா? அதனைப் பெற உனக்குரிய அடிப்படைத் தகுதி இப்போதே உண்டா? பெற்றபின் அதனை மதிக்கும் நாற்காலி எந்த ஊரில், எந்த வைத்தியசாலையில் இருக்கிறது? அவள் மூன்றாண்டு டிப்ளோமா பெற்றவள். டிப்ளோமா பெற்ற தாதியர் பணியிலிருந்தவாறே பட்டம் பெறுவதற்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வழிசெய்கிறது. டொலரைக் கட்டுமுன் அந்தப் பட்டத்தை முடி. விடுதியில் பார்க்கும் புண்களை அளந்து தேதியோடு குறித்துப் பழகு. அது நாளை எந்த நாட்டிலும் உனக்குச் சாட்சி சொல்லும் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப இஞ்ச இருந்தால் ஒண்டும் கிடைக்காதோ மாமா?" என்று கேட்டாள். வீடுகளில் முதியோரைப் பார்க்கும் சேவைகள் யாழ்ப்பாணத்தில் பெருகிவருவதையும், அங்கே புண் பார்க்கத் தெரிந்த தாதிக்குத் தேவை இருப்பதையும் சொன்னேன். ஆனால், அது பணமுள்ள வீட்டின் கதை. அவள் கேட்டது அரச விடுதியைப் பற்றி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் சுகாதார அமைச்சினர். முன்னுதாரணம் அவர்களிடமே உண்டு. தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்று தனியாகத் தாதிய உத்தியோகத்தரை நமது வைத்தியசாலைகள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. அவருக்கு ஒரு மேசையும் பதிவேடும் விடுதிதோறும் சென்று கேள்வி கேட்கும் அதிகாரமும் உண்டு. அதேபோல ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் பயிற்சிபெற்ற ஒரு காயத் தாதியை நியமித்து, இடமாற்றத்தில் வேறு பணிக்கு அனுப்பாமல் காத்து, அவருடைய கற்கைக் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டால் போதும். தாதியர் சங்கங்களும் மேலதிகநேரக் கொடுப்பனவுக்காகப் போராடும் உறுதியோடு இக்கோரிக்கையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த காலத்தில், 1867இல், 'இரண வைத்தியம்' என்று ஒரு சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்தது. காயத்தைப் படிக்கவேண்டும் என்ற எண்ணம் நமது பகுதிக்குப் புதியதன்று. படித்தவளை இருத்திவைக்க ஒரு கதிரை மட்டுமே இன்னும் போடப்படவில்லை. அதுவரை, படிக்க விரும்பும் தாதியர் தெளிவோடு படிக்கட்டும். போக விரும்புவோர் முன்வாசல் எதுவென்று அறிந்து போகட்டும். நீரிழிவுள்ள தாய்தந்தையரைக் கொண்டவர்கள் இன்றிரவே அவர்களின் பாதத்தையும் செருப்பையும் ஒருமுறை பார்த்துவிடட்டும்.